ஜீ வீரே: கத்திச் சொன்ன ஆறுதல்

மெட்டல் இசை என்றாலே "காட்டுக் கத்தல்" என்பார்கள் எங்கள் கிளிஞ்சல்மேட்டில். திருவிழா மேளத்தைக் காது கிழியக் கேட்டு ரசிக்கிற ஊர்தான் இது! அந்தக் கத்தலுக்குள்ளும் ஆறுதல் உண்டு என்பதற்கு ஒரு பாட்டைச் சொல்கிறேன்.

2016-இல் டெல்லியில் தொடங்கியது பிளடிவுட் குழு. கரண் கட்டியாரும் ஜெயந்த் பதுலாவும் முதலில் பிரபலமான பாடல்களை மெட்டலாக மாற்றிக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். பிறகு ராப் பாடும் ராவுல் கெர் சேர்ந்தார். 2018-இல் 'ஜீ வீரே' என்ற சொந்தப் பாடல் வந்தது. பாட்டின் விஷயம் மனச்சோர்வு.

ஒரு பக்கம் புல்லாங்குழல், மறுபக்கம் கனத்த கித்தாரும் டோலும். ராப் ஆங்கிலத்தில் பேச, பதுலாவின் குரல் உறுமுகிறது. சோகம் என்றால் நம் சினிமாவில் வயலின் அழும். இங்கே மேளம் தோளைப் பிடித்து உலுக்குகிறது! பாட்டோடு நிற்காமல், இலவச மனநல ஆலோசனைக்கும் குழு ஏற்பாடு செய்தது.

மொழி புரியாத வெளிநாட்டு ரசிகர்களும் இணையத்தில் கேட்டுக் கொண்டாடினார்கள். 2019-இல் குழு ஜெர்மனியின் வாக்கன் விழா மேடை ஏறியது. 2022-இல் வந்த 'ரக்ஷக்' ஆல்பத்திலும் இந்தப் பாட்டு உண்டு.

"மனசு சரியில்லை" என்று நண்பனிடம் சொல்லக்கூட நாம் கூச்சப்படுகிறோம். இவர்கள் அதைக் கத்திச் சொன்னார்கள். சில விஷயங்கள் கத்தினால்தானே காதில் விழுகின்றன?