கொழுந்துக் கூடையும் சுண்ணாம்புச் சத்தும்

கேமரன் மலையின் வரலாற்றை எழுதுவோர் 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் மேற்கொண்ட நில அளவையில் தொடங்குவர், 1929இல் ஜே. ஏ. ரசல் நிறுவிய போ தேயிலைத் தோட்டத்தைக் கூறுவர். பின்னர் விளைச்சல் கணக்கிற்குச் சென்றுவிடுவர். அச்சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்தெடுத்த தமிழ்ப் பெண்களின் எலும்புக்கும் ஒரு வரலாறு உண்டு என எண்ணிப் பார்ப்போர் அரியர்.

அவ்வரலாறு உணவில் தொடங்குகிறது. தமிழகத்து உழைப்பாளர் உண்ட கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியிலோ பத்தளவே தேறும். மலாயாவில் தோட்ட உணவு அரிசியையே மையமாகக் கொண்டது. இக்குறையை ஓரளவு ஈடு செய்தவை வீட்டுக் கொல்லையும் கறவை மாடுமே. குடும்பத்துடன் வாழும் இந்தியத் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம், பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்கப்பட வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தொழிலாளரைத் தோட்டத்திலேயே நிலைநிறுத்தும் எண்ணமே அதில் மிகுதி, கருணை குறைவு. ஆயினும் முருங்கைக்கும் கீரைக்கும் பாலுக்கும் அது இடமளித்தது.

மேடேறி இறங்கும் உழைப்பும் எலும்பை உரமாக்குவதே. ஆனால் மாதவிலக்கு நின்றபின் பெண்ணின் எலும்பு விரைந்து மெலிகிறது. ஓய்வு பெற்றபின் அவ்வுழைப்பும் நின்றுபோகிறது. 1996, 1997ஆம் ஆண்டுகளில் மலேசிய மருத்துவமனைகளின் பதிவுகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வில், ஐம்பது வயதைக் கடந்தோரிடையே இடுப்பெலும்பு முறிவு சீனரிடம் மிகுதியாகவும், அவரையடுத்து இந்தியரிடமும் காணப்பட்டது. மலாய்க்காரரிடையே அது பாதியினும் குறைவு. எனவே மூதாட்டியருக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை தருவது இயல்பாயிற்று. தீங்கற்ற பொருள்தானே என்பது பொதுக் கருத்து.

அக்கருத்தை முதலில் அசைத்தது நியூசிலாந்து. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 1,471 மூதாட்டியரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் ஒரு கிராம் சுண்ணாம்புச் சத்தும், மற்றவர்க்கு வெற்று மாத்திரையும் ஐந்தாண்டுகள் அளித்தனர். 2008இல் வெளியான முடிவில், சத்து உண்டோரிடையே மாரடைப்பு மிகுதியாகத் தெரிந்தது. அரசுப் பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது அவ்வேறுபாடு சுருங்கியது. எனினும் 2010இல் அவர்களே பதினோர் ஆய்வுகளை, ஏறக்குறைய 12,000 பேரை, ஒருங்கே நோக்கி, மாரடைப்பு நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் கூடுவதாக அறிவித்தனர். மாத்திரை இரத்தத்தில் இச்சத்தினைத் திடீரென உயர்த்துகிறது. உணவு மெல்லச் சேர்க்கிறது. இதுவே அவர்கள் கருதிய காரணம்.

மறுப்பும் எழுந்தது. அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் ஏழாண்டுகள் நிகழ்ந்த பேராய்வில், சுண்ணாம்புச் சத்தும் டி உயிர்ச்சத்தும் சேர்த்து உண்டோர்க்கு இதய நோய் கூடவில்லை. ஆனால் இடுப்பெலும்பு முறிவும் ஐயமறக் குறையவில்லை. சிறுநீரகக் கல்லோ 17 விழுக்காடு மிகுந்தது. 2016இல் அமெரிக்க எலும்பு, இதய மருத்துவ அமைப்புகள் இரண்டு, உணவாலோ மாத்திரையாலோ நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 மில்லிகிராம் வரை கொள்வது இதயத்திற்குக் கேடன்று என்றன. வழக்கு முடிந்ததாக நான் கருதவில்லை. மாத்திரையின் நன்மை நினைத்ததினும் சிறிது என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. எலும்பு மெலிவுக்கு மருந்துண்போர் நிலை வேறு. மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவர்கள் தாமாக நிறுத்தலாகாது.

ஐம்பது வயதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மலேசியப் பரிந்துரை. இரு குவளைப் பாலில் பாதி கிட்டும். கேழ்வரகுக் களியும் முருங்கைக் கீரையும் முள்ளோடு உண்ணும் நெத்திலியும் எஞ்சியதில் பெரும்பகுதியைத் தரும். பதினாறில் ஒரு பங்கு நிலத்தில் அன்று விளைந்தவற்றுள் நெத்திலி ஒன்றுதான் இல்லை.