அடுப்பு அணைந்த பின்னும் வேகும் கறி

2022ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் 13 மணித்தியால மின்வெட்டு அமுலுக்கு வந்தது. அதற்கு முன்னரே சமையல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு தொடங்கிவிட்டது. 2021 ஒக்டோபருக்கு முன் 1493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோகிராம் சிலிண்டரின் விலை 2022 ஏப்ரலில் 4860 ரூபாவாக உயர்ந்தது. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. நான் வாழும் களுபோவிலயிலும் அயலிலுள்ள தெஹிவளை, வெள்ளவத்தையிலும் தொடர்மாடிகளில் குடியிருப்போருக்கு விறகடுப்பு மூட்ட முற்றமும் இல்லை, புகைபோக்கியும் இல்லை.

அந்நாட்களில் சில வீட்டுச் சமையலறைகளில் ஒரு பொருள் பயனற்றுக் கிடந்ததைக் கண்டேன். வெளிநாட்டு உறவினர் அனுப்பிவைத்த 'ஸ்லோ குக்கர்' என்னும் மென்சூட்டுக் கலன். மின்சாரம் இருந்த காலத்தில், மரக்கறியைச் சொட்டுத் தண்ணீரும் விடாமல் இதிலே சமைக்கலாம் என்று அதன் உரிமையாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பத்திரிகைத் தொழில் தந்த பழக்கத்தால் அதன் பூர்வீகத்தைத் தேடிச் சென்றேன். கிடைத்த வரலாறு வாசகர்களுக்கும் சுவையாக இருக்கும் என நம்புகிறேன்.

முதலில், தண்ணீர் விடாமல் மரக்கறி வேகுவது எப்படி? இதில் மாயம் எதுவுமில்லை. நீற்றுப்பூசணியில் ஏறத்தாழ 96 வீதம் நீரே. கத்தரிக்காயிலும் கோவாவிலும் 92 வீதம், வெண்டிக்காயில் 90 வீதம், கரட்டில் 88 வீதம். உப்பிட்டு மெல்லிய சூட்டில் வைத்தால் அந்த நீர் கசிந்து வெளியே வரும். அது ஆவியாகி, மூடியில் பட்டுக் குளிர்ந்து, மீண்டும் சட்டிக்குள்ளேயே விழும். பெருந்தீயில் வைத்தால் நீர் ஊறுவதற்கு முன் அடி கருகிவிடும். ஆகவே இங்கு தேவைப்படுவது குறைந்த சூடும் கனத்த பாத்திரமும் இறுகிய மூடியுமே. கொதிநீரில் கரைந்து, வடிக்கும்போது வீணாகும் உயிர்ச்சத்துகளும் இம்முறையில் கறியோடு தங்கிவிடுகின்றன.

இதன் அடிப்படை எம்மவருக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்து முருங்கையிலை வறைக்கோ சிங்கள மக்களின் மல்லுங்குக்கோ யாரும் தண்ணீரை அளந்து ஊற்றுவதில்லை. கழுவிய இலையில் ஒட்டிய ஈரமும், இலைக்குள் இருக்கும் நீரும், தேங்காய்ப்பூவின் ஈரப்பதமும் போதும். ஆனால் இவை சில நிமிடங்களில் முடியும் சமையல். பல மணி நேரம் ஆள் பார்க்காமல் வேகவிடும் கலைக்கு வேறொரு வரலாறு உண்டு. அது நெருப்பு மூட்டத் தடையிருந்த ஓர் இனத்தின் வீட்டிலிருந்து தொடங்குகிறது.

யூதர்களின் ஓய்வுநாளான சபாத்தில் நெருப்பு மூட்டுவதும் சமைப்பதும் விலக்கப்பட்டவை. ஆயினும் அன்று சூடான உணவு வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் பாத்திரத்தைச் சூடாக்கி, சூடு தணியாதபடி பொதிந்து வைத்தனர். எதிலே பொதியலாம், எதிலே பொதியக் கூடாது என்று கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூல் ஒரு பட்டியலே தருகிறது. துணியும் தானியமும் புறாவின் சிறகும் மரத்தூளும் ஆகும். எருவும் சுண்ணாம்பும் ஆகா. வைக்கோல் காய்ந்திருந்தால் ஆகும், ஈரமாயிருந்தால் ஆகாது. காரணம் நுட்பமானது. எருவும் ஈர வைக்கோலும் தாமே வெப்பத்தை உண்டாக்குபவை. துணியும் காய்ந்த வைக்கோலும் உள்ள வெப்பத்தைக் காப்பவை மட்டுமே. வெப்பத்தை உண்டாக்குவது வேறு, காப்பது வேறு என்பதை அன்றே பிரித்தறிந்து சட்டமாக்கியிருக்கிறார்கள்!

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இவ்வாறு சமைத்த பண்டத்துக்குச் 'சோலன்ட்' என்று பெயர். அவரையும் கிழங்கும் இறைச்சியும் நிறைந்த சட்டியை வெள்ளியன்று ஊர் வெதுப்பகத்தில் ஒப்படைப்பார்கள். அடுப்பின் தீ அணைந்த பின்னர் எஞ்சிய சூட்டில் இரவு முழுவதும் அது வேகும். லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் இப்படிச் சட்டி சுமந்து சென்ற கதையைத் தாயார் சொல்லக் கேட்ட அமெரிக்கப் பொறியியலாளர் இர்விங் நாக்சன், வெதுப்பகத்தின் வேலையை ஒரு சிறு மின்கலனுக்குள் அடக்கினார். 1936இல் விண்ணப்பித்த காப்புரிமை 1940 ஜனவரியில் கிடைத்தது. 1970இல் அவருடைய நிறுவனத்தை வாங்கிய ரைவல் கம்பனி, மறு ஆண்டு அக்கலனை 'குரொக்-பொட்' என்ற பெயரில் சந்தைக்கு விட்டது. அமெரிக்கப் பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போன காலம் அது. காலையில் ஏற்றிவிட்டுப் போனால் மாலையில் கறி ஆயத்தம்.

எரிபொருளைச் சேமிக்கும் நோக்கத்தோடு இதே எண்ணம் வேறு திசைகளிலும் வளர்ந்தது. 1867 பாரிஸ் கண்காட்சியில் நோர்வேயைச் சேர்ந்த யோஹான் சோரென்சன், வெப்பம் வெளியேறாதபடி உட்புறம் பொதியப்பட்ட ஒரு பெட்டியை வைத்தார். கொதித்த பாத்திரத்தை அதற்குள் மூடி வைத்தால் போதும், மீதிச் சமையலை அது தானே முடித்துவிடும். இரு உலகப் போர்களின்போதும் பிரித்தானிய வீடுகளில் இதன் எளிய வடிவமான வைக்கோல் பெட்டி பயன்பட்டது. கல்கத்தாவிலே 1910இல் வைத்தியர் இந்துமாதப் மல்லிக் 'இக்மிக் குக்கர்' என்ற அடுக்குப் பாத்திரத்தை ஆக்கினார. கீழே சிறிது கரி, மேலே சோறு, பருப்பு, மரக்கறி. அந்தச் சிறு கரியின் சூட்டில் உண்டாகும் நீராவியில் மூன்றும் மெல்ல வெந்துவிடும்.

இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்க்கையில் ஓர் உண்மை புலனாகிறது. இக்கலையை வளர்த்தது வசதியன்று, இல்லாமையே. நெருப்புக்குத் தடை, விறகுக்குப் பஞ்சம், அடுப்படியில் நிற்க நேரமின்மை ஆகிய மூன்றுமே இதன் தாய்மார். 2008இல் தென்னாபிரிக்காவில் மின்வெட்டு மலிந்தபோது சாரா கொலின்ஸ் என்ற பெண்மணி பஞ்சுப்பொதி போன்ற 'வொண்டர்பேக்' உறையை உருவாக்கியதும் இந்த மரபில்தான். அணைந்த அடுப்பின் சூட்டிலே பிறந்த ஒரு கலையை மின்செருகியோடு கட்டிப்போட்டதனால்தான், மிகவும் தேவைப்பட்ட வேளையில் அது எம்மைக் கைவிட்டது.

ஆயினும் இரண்டு முறைகளையும் குழப்பிக்கொள்ளலாகாது. தண்ணீர் விடாத சமையலுக்கு இடையறாத மென்சூடு வேண்டும். அதற்கு மின்கலனோ தணலோ இருந்தாக வேண்டும். பொதிந்து வைக்கும் முறைக்கோ, பாத்திரம் நிறையக் கறி வேண்டும், அதில் நீர்ப்பிடிப்பும் வேண்டும். அரைச்சட்டி கறி விரைவில் ஆறிவிடும். முதலிலே நன்கு கொதிக்கவைத்து, மூடி திறவாமல் துணிகளுக்கிடையே வைக்க வேண்டும். 60 பாகை செல்சியசுக்குக் கீழே பல மணி நேரம் கிடந்த உணவு ஆபத்தானது. உண்ணுமுன் மீண்டும் கொதிக்கவைப்பது நல்லது. ராஜ்மா எனப்படும் பெரிய சிவப்பு அவரையில் இயற்கையாகவே ஒரு நஞ்சு உண்டு. அதை ஊறவைத்த நீரை ஊற்றிவிட்டு, புதுநீரில் 10 நிமிடங்களேனும் நன்கு கொதிக்கவிட்ட பின்னரே எந்த மென்சூட்டுக் கலனிலும் இடவேண்டும்.

எரிவாயு மீண்டும் கிடைக்கிறது, மின்சாரமும் வந்துவிட்டது என்பதற்காக இவ்வறிவை மறந்துவிடலாமா? கனத்த சட்டி ஒன்று, இறுகிய மூடி ஒன்று, பழைய போர்வைகள் அடைத்த பெட்டி ஒன்று. இவற்றுக்கு விலையேற்றமும் இல்லை, வரிசையில் நிற்கவும் தேவையில்லை. பிள்ளைகளுக்கு ஒருமுறையேனும் இதைச் செய்து காட்டிவிட்டால் போதும், அடுத்த தட்டுப்பாட்டின்போது அது கைகொடுக்கும்.