வேலிக்குள் மலரும் காதல்: வெகுசன நாவலும் அறத்தொடு நிற்றலும்

நம் இலக்கிய வட்டம் பத்தாம் ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், நாம் பேசியவற்றை மட்டுமன்றிப் பேசாது விட்டவற்றையும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும். மரபுக் கவிதை, புதுக்கவிதை, சிறுகதை, திறனாய்வு எனப் பலவற்றைப் பேசினோம். நாஞ்சில் மண் ஈன்ற எழுத்துகளைப் போற்றினோம். ஆயின், கூட்டங்களில் நாம் போற்றிய நூல்கள் வேறு. நம் வீடுகளில் தாயரும் தமக்கையரும் அடுக்களை வேலை முடிந்தபின் கையிலெடுத்த நூல்கள் வேறு. மாத நாவல்களையும், வார இதழ்களிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த தொடர்கதைகளையும் 'பொழுதுபோக்கு' என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிட்டோம். இலட்சக்கணக்கானோர் தலைமுறை தலைமுறையாக ஒரே வகைக் கதையை நாடி வருகின்றனர் என்றால், அக்கதை அவர்களுடைய ஏதோ ஒரு தேவைக்கு விடை சொல்கிறது என்றே கொள்ளவேண்டும். அத்தேவை யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வீட்டுக் கதையைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சமுண்டு. அயல்வீட்டுக் கதையில் தொடங்கினால் அக்கூச்சம் நீங்கும். ஆகவே, கடல் கடந்த ஒரு நாட்டின் வெகுசன நாவலை முதலில் நோக்குவோம்.

ஆமிஷ் காதல் நாவல்கள்

அமெரிக்காவில் ஆமிஷ் என்றொரு கிறித்தவப் பிரிவினர் வாழ்கின்றனர். 1693ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் யாக்கோப் அம்மான் என்பாரைப் பின்பற்றிப் பிரிந்தவர்கள் இவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கினர். இன்று அவர்கள் தொகை மூன்றரை இலட்சத்துக்கு மேல். பழைய நெறியைப் பேணும் குடும்பங்களில் குதிரை வண்டிதான் வாகனம். பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு இணைப்புக் கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்த எளிய உடை. பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் அதனை ஏற்றுக்கொண்டது. திருமுழுக்குப் பெற்றபின் சபை நெறியை மீறியவரை விலக்கி வைப்பர். நாம் ஊர்விலக்கு என்று சொல்வதற்கு நெருங்கிய தண்டனை அது.

இம்மக்களைப் பற்றிய புனைகதைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஹெலன் மார்ட்டின் எழுதிய 'சபினா' 1905இல் வெளிவந்தது. இத்தகைய கதைகள் தம் மக்களை மூடராகக் காட்டுகின்றன என்று வருந்திய ஜோசப் யோடர், 1940இல் தம் தாயின் வாழ்க்கையை 'ஆமிஷ் ரோசன்னா' என்னும் நூலாக எழுதினார். எனினும், இன்றைய வெகுசன வகை உருவானது 1997இல்தான். அவ்வாண்டு பெவர்லி லூயிஸ் என்னும் எழுத்தாளர், ஊர்விலக்கையே தலைப்பாகக் கொண்ட நாவலை வெளியிட்டார். அவருடைய தாய்வழிப் பாட்டி, ஆமிஷுக்கு நெருங்கிய பழைய மென்னோனைட் சபையை விட்டு வெளியேறி மணம் புரிந்தவர். வீட்டில் வழங்கிய அந்த நினைவே நாவலுக்கு வித்தாயிற்று. அந்நூல் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் இவ்வகையில் ஆண்டுதோறும் பல பத்து நாவல்கள் வெளிவரும் நிலை தோன்றிற்று.

இவற்றை எழுதுவோரும் படிப்போரும் பெரும்பாலும் ஆமிஷ் அல்லர். மகிழுந்து ஓட்டி, கைபேசி ஏந்தி, அலுவலகத்தில் உழைக்கும் புராட்டஸ்டண்டுப் பெண்களே வாசகரில் மிகப் பலர். அவர்களில் எவரும் மறுநாள் குதிரை வண்டியேறப் போவதில்லை. பிறகு ஏன் படிக்கின்றனர்? 2013இல் இதுபற்றி ஆய்வு நூல் எழுதிய வாலரி வீவர்-சர்ச்சர் இரு காரணங்களை முதன்மைப்படுத்துகிறார். ஒன்று, வாழ்க்கையின் வேகம் தரும் களைப்பு. மற்றொன்று, உடலைக் கடைப்பொருளாக்கும் பண்பாட்டின் மீதான சலிப்பு. இந்நாவல்களில் காலம் மெல்ல நகர்கிறது. காதலர் கைதொடுவதற்கே பல அத்தியாயங்கள் ஆகின்றன.

இவ்விரண்டும் உண்மையே. ஆயினும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. இக்கதைகளில் 'இவனை மணப்பதா, அவனை மணப்பதா' என்பது மேலோட்டமான சிக்கலே. 'நான் விரும்பியவனை மணந்தபின்னும் என் தாய் வீட்டுப் பந்தியில் எனக்கு இலை போடுவார்களா' என்பதே உள்ளிருக்கும் கேள்வி. விருப்பத்துக்கும் உறவுக்கும் இடையே வேலி நிற்கிறது. வேலி உடையாமலே வாயில் திறக்குமா என்று வாசகர் இறுதிப் பக்கம் வரை காத்திருக்கிறார்.

தொல்காப்பியர் சொன்ன வழி

இக்கேள்வி தமிழுக்குப் புதிதன்று. களவு கற்பாக மாறுவதற்கு நம் அகமரபு இரு வழிகளைக் காட்டியது. ஒன்று உடன்போக்கு; காதலர் வேலி தாண்டிச் செல்வது. மற்றொன்று அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்குச் சொல்வாள். தோழி செவிலிக்கு உணர்த்துவாள். செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும் தெரிவிப்பர். உண்மை ஒவ்வொரு படியாக வீட்டுக்குள் ஏறிச் சென்று, இறுதியில் வீடே காதலை ஏற்கும். இற்செறிப்பு என்னும் காவலையும் அம்மரபு மறைக்கவில்லை. அக்காவலுக்குள்ளிருந்தே பேசும் வழியைக் கண்டது.

கவிஞராகிய நாம் உடன்போக்கையே பெரிதும் பாடுகிறோம். அதில் வீரம் உண்டு; பாலை நிலத்தின் அழகு உண்டு. ஆனால் வெகுசன நாவல் தேர்ந்துகொண்டது அறத்தொடு நிற்றலை. ஆமிஷ் நாவல் அமெரிக்க மண்ணில் அதைத்தான் செய்கிறது. தமிழில் அதன் வரலாறு இன்னும் நீண்டது.

மோகினியிலிருந்து மாத நாவல் வரை

வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) முறையான பள்ளிக் கல்வி பெறாதவர். சிறு வயதிலேயே மணமானவர். 1925இல் 'ஜகன்மோகினி' இதழைத் தம் பொறுப்பில் ஏற்று, நூற்றுப்பதினைந்து நாவல்கள் எழுதினார். விடுதலைப் போரில் சிறையும் சென்றார். அவருடைய வாசகரில் பலர் அவரைப் போலவே வீட்டுக்குள் படிக்கக் கற்ற பெண்கள். கதை கேட்டுப் பழகியவர்களைக் கதை படிப்பவர்களாக்கிய பெருமை அவரைச் சாரும்.

அடுத்த தலைமுறையில், மருத்துவம் பயின்ற திரிபுரசுந்தரி 'லக்ஷ்மி' என்னும் பெயரில் எழுதினார். படித்த பெண், வேலைக்குச் செல்லும் பெண், குடும்பப் பாரம் சுமக்கும் பெண் ஆகியோர் அவர் கதைகளின் நாயகியர். 1984இல் சாகித்திய அகாதெமி அவரைச் சிறப்பித்தபோது, வெகுசன எழுத்துக்கு அவ்விருது தகுமா என்று இலக்கியவாணர் முணுமுணுத்தனர். அவரைப் படித்து வளர்ந்த பெண்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

1969இல் 'ராணி முத்து' தோன்றியபின், ஒரு முழு நாவல் மலிவு விலையில் மாதந்தோறும் பேருந்து நிலையக் கடைக்கே வந்து சேர்ந்தது. நூலகம் சென்று வர இசைவு பெறாத பெண்ணுக்கும் நூல் கிடைத்தது. இவ்வழியே பெருகிய வாசகப் பரப்பில் நிலைத்த பெயர் ரமணிசந்திரன். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியவர் அவர். அவர் கதைகள் பெரும்பாலும் பிணக்கில் தொடங்கி, ஐயத்தில் வளர்ந்து, புரிதலில் முடிவன. நாயகன் செல்வன், நாயகி தன்மானம் மிக்கவள். காதல் உண்டு, வரம்பு மீறல் இல்லை. இறுதியில் குடும்பம் அவர்களை வாழ்த்துகிறது. 'வாழ்க்கை இப்படியா இருக்கிறது?' என்று நாம் நகைத்தோம். வாழ்க்கை அப்படி இல்லாததால்தான் அக்கதை தேவைப்பட்டது. காதலித்த மகளைப் பெற்றோரே கொன்ற செய்தி காலையில் நாளிதழில் வரும் நாட்டில், பெற்றோர் தாமே முன்வந்து மகள் கையை அவள் விரும்பியவன் கையில் சேர்ப்பதாக ஒரு கதையை இரவில் படிப்பது வெறும் பொழுதுபோக்காகுமா? அது மன்றாட்டுக்கு நிகரானது.

நம் மண்ணின் வேலி

இனி, நம் ஊருக்கு வருவோம். ஆரல்வாய்மொழி ஒரு கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையில் காற்றுக்கும் மனிதருக்கும் அமைந்த வாயில். அவ்வாயிலை அடைத்துத் திருவிதாங்கூர் அரசு அரண் கட்டியிருந்தது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை ஒடுக்க வந்த ஆங்கிலப் படை 1809ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவ்வரணைக் கைப்பற்றியது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1806இல், இதே கணவாய் வழியே நடந்து வந்தார் ரிங்கல்தௌபே என்னும் சமயத் தொண்டர். மயிலாடியில் அவர் நட்ட திருச்சபை மாவட்டமெங்கும் கிளைத்தது. பெண்களுக்கான பள்ளியும் அதன் வழியே நாகர்கோவிலில் எழுந்தது. பள்ளி வந்தது, வீட்டுக் காவல் உடனே போய்விடவில்லை.

இந்த இரட்டை நிலையை எழுதியவர் ஹெப்சிபா ஜேசுதாசன். 1925இல் பர்மாவில் பிறந்து, நம் மாவட்டத்தில் வேர்கொண்டு, திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலம் பயிற்றி, 2012இல் மறைந்தவர். அவருடைய 'புத்தம் வீடு' 1964இல் வெளிவந்தது. பனைவிளை என்னும் சிற்றூர். கிறித்தவ நாடார் குடும்பம். பெருமை மட்டும் மீந்து செல்வம் கரைந்த பழைய வீடு. அவ்வீட்டுப் பெண் லிஸி பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுகிறாள். அவள் உள்ளம் நாடியவன் தங்கராஜ், பனையேறியின் மகன். சபையும் சாதியும் ஒன்றே. ஆனால் பனை உடையவனுக்கும் பனை ஏறுகிறவனுக்கும் நடுவே உயர்ந்த வேலி. குடும்பத்தில் ஒரு கொலை நிகழ, ஐயம் தங்கராஜ் மீது விழுகிறது. லிஸி ஓடிப்போகவில்லை, காத்திருக்கிறாள், இறுதியில் அவனையே மணக்கிறாள்.

நெறி இறுகிய ஒரு கிறித்தவச் சமூகம், எட்டாம் வகுப்போடும் பருவத்தோடும் நின்றுபோகும் படிப்பு, வரம்பு மீறாத காதல், காத்திருப்பு, மணம். கதைக்கூறுகளை மட்டும் எண்ணினால், பென்சில்வேனிய நாவலுக்கும் பனைவிளை நாவலுக்கும் தொலைவு மிகக் குறைவு. வேற்றுமை எங்கே உள்ளது? ஆமிஷ் நாவலில் வேலியைப் பெரும்பாலும் வெளியே நிற்பவர் வரைகிறார். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு வேலி கொடி படர்ந்த அழகாகத் தெரியும். ஹெப்சிபா உள்ளிருந்து எழுதினார். வாயில் திறக்கும் வரை ஒரு பெண் எத்தனை ஆண்டுகளைச் சன்னலோரத்தில் இழக்கிறாள் என்ற கணக்கை அவர் மறைக்கவில்லை. அறத்தொடு நிற்றலுக்கு உரிய விலையைச் சொன்னதே 'புத்தம் வீடு' இலக்கியமாக நிலைத்ததன் காரணம்.

ஆனால் இவ்வேற்றுமையைக் கொண்டு ஒரு வாசகியை உயர்த்தி மற்றவளைத் தாழ்த்துதல் முறையன்று. மாத நாவலைக் கையிலெடுத்த பெண்ணும் லிஸியின் கேள்வியைத்தான் கேட்டாள். அவளுக்கு விலை சொல்லாத விடை கிடைத்தது. நமக்கு விலையோடு கூடிய விடை கிடைத்தது. கேள்வி ஒன்றே.

நாம் செய்ய வேண்டுவது

பத்தாண்டுகளாக நாம் எழுதிய இலக்கிய வரலாறு பாதி வரலாறே. எழுதியவரைப் பதிவு செய்தோம். படித்தவரைப் பதிவு செய்யவில்லை. பைண்டு செய்த தொடர்கதைக் கட்டுகள் பழைய தாள் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றின் ஓரங்களில் பெண்கள் பென்சிலால் இட்ட கோடுகளும் அவற்றோடு போகின்றன. வரும் ஆண்டுகளில் நம் வட்டத்தார் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள ஒரு மூத்த பெண்ணிடம் சென்று, 'நீங்கள் எந்தக் கதையை இரண்டாம் முறை படித்தீர்கள், ஏன் படித்தீர்கள்?' என்று கேட்டு எழுதி வரவேண்டும் என்பது என் விண்ணப்பம். அவர்கள் சொல்வதை எதிர்வாதமின்றிக் கேட்க வேண்டும்.

அன்று தோழி சொன்னதைச் செவிலி கேட்டாள். செவிலி சொன்னதை நற்றாய் கேட்டாள். கேட்பவர் இருந்ததால்தான் அறத்தொடு நிற்றல் ஒரு துறையாயிற்று. நம் வீட்டுப் பெண்கள் அரை நூற்றாண்டாகக் கதைகளின் வழியே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். கேட்க வேண்டிய முறை இப்போது நம்முடையது.