ராயகிரிக்கு வந்த கம்பி

ராயகிரி மாதிரி ஊர்களில் வயலுக்கு மேலே ஓடும் உயரழுத்த மின்கம்பியை வெட்டிப் பார்த்தால் ஏழு இழை தெரியும். நடுவில் இருப்பது துத்தநாகம் பூசிய எஃகு. அதைச் சுற்றி முறுக்கிய ஆறும் அலுமினியம். பரவலாகப் பயன்படும் ஒரு ரகத்துக்கு 'வீசல்' என்று பெயர். அதில் ஒவ்வோர் இழையும் 2.59 மி.மீ. தடிமன்.

அலுமினியம் பிறப்பது மலையில். ஏற்காட்டு மலையின் பாக்சைட்டிலிருந்து மேட்டூர் மால்கோ ஆலை 1965 முதல் அலுமினியம் எடுத்தது. ஒடிசாவின் அங்குல் ஆலை பின்னால் வந்தது. உருக்கிய உலோகம் 9.5 மி.மீ. கம்பியாகி, வரவரச் சிறுக்கும் அச்சுத் துளைகள் வழியே இழுபடும். 2.59-க்கு வரும்போது ஒரு மீட்டர் 13 மீட்டராகியிருக்கும். இந்த நீட்சி திரும்பாது. திரும்பும் நீட்சி போஸ்ட்டில் ஏறிய பிறகுதான்.

60 மீட்டர் இடைவெளியில் லைன்மேன்கள் சுமார் 300 கிலோ விசையில் இழுத்துக் கட்டினால், கம்பி 6 செ.மீ. நீண்டு, நடுவில் 20 செ.மீ. போலத் தொய்ந்து நிற்கும். எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்று சொல்லும் எண்தான் யங் குணகம். 1807-இல் இதைப் பற்றி எழுதிய தாமஸ் யங்கின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. எஃகுக்கு அது ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. ஏழு இழையும் ஒரே அளவு நீண்டாக வேண்டும். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளில் பலமுள்ளது கூட இழுப்பதுபோல, பரப்பில் ஏழில் ஒரு பங்கே உள்ள எஃகு, சுமையில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. கரண்ட் போவது பெரும்பாலும் அலுமினியத்தில்.

சித்திரை வெயிலில் கம்பி 30 டிகிரி கூடச் சூடேறினால், அந்த 60 மீட்டருக்கு மூன்றரை செ.மீ. நீளம் சேரும். மீட்சியே இல்லாத கம்பியானால் தொய்வு 90 செ.மீ. வரை இறங்கிவிடும். நிஜத்தில் 40-ஐத் தாண்டுவதில்லை. வெப்பம் நீளம் கொடுக்கக் கொடுக்க இழுவிசை தளர்கிறது. தளர்ந்த அளவுக்கு, முன்பு இழுத்து வாங்கிய நீளத்தைக் கம்பி விட்டுக்கொடுக்கிறது. மார்கழியில் இதற்கு நேர்மாறு. அதனால்தான் வெயில் நேரத்தில் தொய்வே தெரியாமல் விறைப்பாகக் கட்டக் கூடாது. குளிரில் விசை ஏறிக் கம்பி அறுந்துபோகலாம். எந்த வெப்பநிலையில் எவ்வளவு தொய்வு விடவேண்டும் என்பதற்கு அட்டவணையே உண்டு.

வருஷக்கணக்கில் இழுபட்டு நிற்கும் அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தரமாகவே நீண்டுவிடும். அது யங் குணகத்தின் கணக்கில் அடங்காது; மறுபடி இழுத்துக் கட்டத்தான் வேண்டும். இழைகள் அறுந்து, ஒட்டுக்கு மேல் ஒட்டு விழுந்த கம்பி கடைசியில் கழன்று எடைக்குப் போகும். பழைய அலுமினியத்தை உருக்க, புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் அளவே போதும். ஆகவே பழைய கம்பிக்கும் விலை உண்டு. கம்பித் திருடனுக்கும் அது தெரியும்.