ஈட்டிய விடுப்பு: ஒரு சொல்லும் ஒரு கணக்கும்

அலுவலகங்களில் நாள்தோறும் வழங்கும் ‘ஈட்டிய விடுப்பு’ என்னும் தொடரைச் சற்றே நின்று நோக்குதல் தகும். ஈட்டுதல் என்பது பொருளுக்குரிய வினை. அதனை ஓய்வுக்கு உரியதாக்கியது அலுவலகத் தமிழ். உழைத்தவன் பெறும் ஓய்வு பிறர் அளிக்கும் கொடையன்று. அவனே சேர்த்த பொருள் என்னும் கருத்து அத்தொடரில் அடங்கியுள்ளது. இக்கருத்து இந்தியத் தொழிற்சாலைகளில் சட்டமாவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் பல ஆண்டுகள் முறையிட்ட பின்னரே, 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். மறு ஆண்டில் வந்த தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை விதியாக்கியது. ஆயினும் அந்நாளுக்குக் கூலி தரவேண்டும் என அது கூறவில்லை. நாட்கூலி பெறுவோனுக்கு அவ்வோய்வு வருவாய் இழந்த நாளும் ஆயிற்று.

ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுமுறை உலக அளவில் உருப்பெற்றது 1936இல். அவ்வாண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, ஓராண்டுப் பணிக்குக் குறைந்தது 6 வேலைநாள் என வரையறுத்தது. பெரும் வேலைநிறுத்தங்களைக் கண்ட பிரான்சில் லெயோன் புளூம் அரசு இரண்டு வாரம் வழங்கியது. இந்தியாவில் 1945ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே இவ்வுரிமையை முதன்முதலில் தொழிற்சாலைகளுக்குக் கொணர்ந்தது: பன்னிரண்டு மாதம் தொடர்ந்து பணியாற்றியோருக்கு 10 நாள்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதனை ஒரு கணக்காக மாற்றியது. உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் விடுப்பு. எனினும் தொடர்பணி என்னும் நிபந்தனை நீடித்தது. ஒருவர் வாராத நாளில் மட்டும் அழைக்கப்படும் ‘பதிலி’த் தொழிலாளிக்குத் தொடர்ச்சி ஏது? 1954ஆம் ஆண்டுத் திருத்தம் அந்நிபந்தனையை நீக்கி, ஓராண்டில் 240 நாள் உழைத்தால் போதும் என்றது. கேட்டும் மறுக்கப்பட்ட விடுப்பு வரம்பின்றி அடுத்த ஆண்டுக்குச் செல்லும். பணியினின்று விலக்கப்பட்டால் எஞ்சிய விடுப்புக்கு ஊதியம் உண்டு. பின்னர், பணிக்காலத்தில் இறந்தவரின் வாரிசும் அத்தொகையைப் பெறலாம் என்றாயிற்று. வாரிசுக்குச் செல்வது சொத்தன்றி வேறென்ன? ‘ஈட்டிய’ என்னும் அடைமொழி இங்கே முழுப்பொருள் பெறுகிறது.

2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 240 என்பதனை 180 ஆகக் குறைத்துள்ளது. இருபதுக்கு ஒன்று என்னும் கணக்கு மாறவில்லை. முன்பு 200 நாள் உழைத்துப் பணியில் நீடித்தவருக்கு அவ்வாண்டுக்கென ஒன்றுமில்லை. இனி 10 நாள் உண்டு. இது வரவேற்கத்தக்கது.

எனினும் எந்த எண்ணை வைத்தாலும், நாள்களை எண்ணுவதற்கு ஒரு பதிவேடு வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறுந்தோறும் புதியவராக எழுதப்படுவோரும், எப்பதிவேட்டிலும் எழுதப்படாதோரும் நம்மிடையே பலர். அவர்களும் ஈட்டியவர்களே. ஈட்டியதைக் காட்டுவதற்கு அவர்களிடம் ஏடு இல்லை என்பதே வேறுபாடு. நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் இனி எழுதப்படவேண்டிய பக்கம் அதுவேயாகும்.