தமிழ்த் திரையில் காதலும் கத்திச் சண்டையும்

காதலும் சண்டையும் ஒரே கதைக்குள் பின்னிக் கிடக்கும் படங்களின் வேர்கள் மௌனப் படக் காலத்தில் உள்ளன. எட்டி போலோ போன்றோர் நடித்த அமெரிக்கத் தொடர்படங்கள், அதாவது ஒரே சாகசக் கதையை வாராவாரம் பகுதி பகுதியாகக் காட்டியவை, சென்னைக் கொட்டகைகளில் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. அவற்றின் குதிரை ஓட்டமும் குத்துச் சண்டையும் இந்தியப் படங்களில் புகுந்தபோது அத்தகைய படங்களுக்கு ‘ஸ்டண்ட் படம்’ என்ற பெயர் நிலைத்தது. புதுக்கோட்டையில் பிறந்த பி.கே.நாகலிங்கம், உடற்பயிற்சி வீரர் யூஜின் சாண்டோவின் பெயரை ஏற்று ராஜா சாண்டோவாகி, பம்பாய் மௌனப் படங்களில் நாயகனாக நடித்தபின் சென்னைக்குத் திரும்பிப் படங்களை இயக்கினார். உடற்பயிற்சியில் உரமேறிய உடலே நடிகனின் முதல் தகுதியாகக் கருதப்பட்ட காலம் அது.

இந்த வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஒன்று உண்டு: தொடக்கத்தில் சண்டை ஆணுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1935இல் பம்பாயில் நடிகை நாடியா ‘ஹன்டர்வாலி’யில் சவுக்கைச் சுழற்றிப் புகழ் பெற்றார், இரண்டே ஆண்டுகளில் கே.அமர்நாத் இயக்கிய ‘மின்னல்கொடி’யில் கே.டி.ருக்மணி கொள்ளையர் வேடம் பூண்ட கதாநாயகியாகத் தமிழ்த் திரையில் தோன்றினார். காதலிக்கும் பெண்ணே ஆயுதம் ஏந்துபவளாகவும் இருந்த அந்த அமைப்பு நீடித்திருந்தால், பிற்காலத் தமிழ்ப் படங்களின் முகமே வேறாக இருந்திருக்கும்.

எஸ்.எஸ்.வாசன் சுமார் 30 லட்சம் ரூபாய் செலவில் எடுத்து 1948 ஏப்ரலில் வெளியிட்ட ‘சந்திரலேகா’ இவ்வகையின் உச்சம் மட்டுமல்ல, அதன் திருப்புமுனையும்கூட. வில்லனான சசாங்கனை மணக்க இசைவது போல நடிக்கும் நாயகி சந்திரலேகா, திருமணத்துக்கு முன் முரசு நடனம் வேண்டுமென்று கேட்கிறாள். அரண்மனை முற்றத்தில் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்ட ஆளுயர முரசுகளின் மேல் பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்த கணத்தில் முரசுகளின் உள்ளிருந்து படைவீரர்கள் வெளிப்பட, கொண்டாட்டம் போராக மாறுகிறது. கோட்டையை வீழ்த்தும் வழி சந்திரலேகாவாக நடித்த டி.ஆர்.ராஜகுமாரியின் நடனத்தால் திறக்கிறது, ஆனால் அதன்பின் நிகழும் நெடிய வாட்போர் நாயகன் வீரசிம்மனாக நடித்த எம்.கே.ராதாவுக்கும் சசாங்கனாக நடித்த ரஞ்சனுக்கும் உரியதாகிவிடுகிறது. வாள்வீச்சிலும் நடனத்திலும் ஒருங்கே தேர்ந்தவர் ரஞ்சன். அவர் பின்வாங்கும் அடிகளில்கூடத் தாளம் பிசகாது. வில்லன் நாயகனைவிட அழகாகச் சண்டையிடுவதைத் தமிழ்ப் பார்வையாளர் அப்படத்தில் கண்டனர் என்று சொல்வது மிகையாகாது.

நாயகனுக்கே முழு அழகையும் மீட்டுத் தந்தவர் எம்.ஜி.ராமச்சந்திரன். சிறுவர்களைச் சேர்த்துப் பாட்டும் நடிப்பும் பயிற்றுவித்த ‘பாய்ஸ் கம்பெனி’ என்னும் நாடகக் குழுவில் வளர்ந்த அவர், ‘மந்திரி குமாரி’ (1950), ‘மர்மயோகி’ (1951), ‘சர்வாதிகாரி’ (1951) ஆகிய படங்களின் வழியாக வாள்வீரராக நிலைபெற்றார். இவற்றுள் ‘மந்திரி குமாரி’ தனித்துக் குறிப்பிடத்தக்கது. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கணவனை, மாதுரி தேவி ஏற்ற பாத்திரமே அங்கிருந்து தள்ளிக் கொல்கிறது. காதலின் வஞ்சத்துக்குப் பெண் தன் கையாலேயே தீர்ப்பு எழுதிய அத்தகைய துணிவு அடுத்த பத்தாண்டுகளில் அரிதாயிற்று. 1965இல் வெளிவந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ காலத்தில் வாள் எம்.ஜி.ஆருக்கும் வில்லனாக நடித்த நம்பியாருக்கும் இடையிலானது; நாயகி சண்டையின் பரிசாகவோ சாட்சியாகவோ நின்றாள்.

அரச கதைகள் ஓய்ந்ததும் வாள் உறைக்குள் போயிற்று. மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் துப்பறியும் படங்கள் ஜூடோவையும் துப்பாக்கியையும் கொண்டுவந்தன. சண்டைக் காட்சிகளை வகுத்துப் பயிற்றுவிக்கும் ‘ஸ்டண்ட் மாஸ்டர்’ படத்தின் வெற்றியை முடிவு செய்பவர்களுள் ஒருவரானார். ஜூடோ ரத்னம் சண்டை அமைத்த ‘முரட்டுக்காளை’யின் (1980) ரயில் சண்டை இன்றும் பேசப்படுகிறது. நடிகருக்கு மாற்றாக விழுந்து எழும் ‘டூப்’ கலைஞர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகாமலே போனது இத்தொழிலின் தீராத குறை.

சண்டையிடும் நாயகியைத் தமிழகம் மறுபடி பேராவலுடன் வரவேற்றது 1990களின் தொடக்கத்தில்தான். அவ்வரவேற்பைப் பெற்ற, விஜயசாந்தி நடித்த ‘வைஜயந்தி ஐ.பி.எஸ்.’ தெலுங்கு ‘கர்தவ்யம்’ படத்தின் தமிழ் மொழிமாற்று வடிவம். ருக்மணியின் மரபு அரை நூற்றாண்டுக்குப் பிறகு அண்டை மொழி வழியாகத்தான் இங்கே திரும்பி வந்தது.