கேரவன்ல கம்பம் டூரா? பிளக்கைச் சொருகுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

வாகமண், தேக்கடி சுத்திட்டு குமுளி மலைப்பாதையில இறங்கினா லோயர் கேம்ப், கூடலூர், கம்பம்னு பச்சைப் பசேல்னு விரியும் பள்ளத்தாக்கு. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவை அறிவிச்சதுல இருந்து, இந்த ரூட்டுல வீட்டையே வண்டியில ஏத்திட்டுப் போற ஆசை பலருக்கும் வந்தாச்சு. யூடியூப் பார்த்து வேனை கேரவனா மாத்தப் போறீங்களா? அப்போ கரன்ட் விஷயத்துல மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை பாஸ்!

அமெரிக்கக் கணக்கு வேற!

அந்த வீடியோக்கள்ல வர்ற 50 ஆம்ப் பிளக், 'ஸ்ப்ளிட் பேஸ்' முறைக்கானது. அங்கே டிரான்ஸ்ஃபார்மர்ல 240 வோல்ட் காயிலோட நடுவுல இருந்து ஒரு ஒயரை எடுத்து நியூட்ரலா வெச்சிருப்பாங்க. அதனால, நியூட்ரலுக்கும் ஒவ்வொரு முனைக்கும் நடுவுல 120 வோல்ட். ரெண்டு முனைக்கும் நடுவுல 240 வோல்ட். எர்த்தையும் சேர்த்தா 4 பின்.

ஏசி ஒரு பக்கம், மைக்ரோவேவ் இன்னொரு பக்கம்னு லோடைப் பிரிச்சுக்கலாம். ஒரு பக்கம் 40 ஆம்ப், மறுபக்கம் 30 ஆம்ப் ஓடினா, நியூட்ரல்ல திரும்புறது வித்தியாசமான 10 ஆம்ப் மட்டும்தான். மொத்தமா 12,000 வாட் வரை இழுக்கலாம்.

நம்ம ஊர்ல என்ன?

லோயர் கேம்ப் பவர்ஹவுஸ்ல பெரியாறு தண்ணீர் தயாரிக்கிறது மும்முனை மின்சாரம். தெரு டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வர்றது மூணு பேஸ், ஒரு நியூட்ரல். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 வோல்ட். வீட்டுக்கு அதுவே போதும், கேரவனுக்கும் அதுவே போதும்.

ஆபத்து எங்கேன்னா, 'ரெண்டு பேஸ் எடுத்தா 240 வரும்'னு அமெரிக்கக் கணக்கை இங்கே போடுறதுலதான். நம்ம ஊர்ல ரெண்டு பேஸுக்கு நடுவுல இருக்கிறது சுமார் 400 வோல்ட்! தோட்டத்துல "இப்ப டூ பேஸ்தான் வருது"ன்னு சொல்றாங்களே, அது ஸ்ப்ளிட் பேஸ் இல்லை. மும்முனையில ஒரு முனை இல்லாத நிலை, அவ்வளவுதான். அதுல மாட்டினா ஏசி, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் காலி.

நியூட்ரல் அறுந்தாலும் இதே கதைதான். தெருவுல ஒரு வீட்டுல லைட் மங்கி, அடுத்த வீட்டுல டிவி புகையுமே, அதுக்கு இதுவும் ஒரு காரணம். ஸ்ப்ளிட் பேஸ் கேரவன்லயும் நியூட்ரல் போனா, லோடு குறைவா இருக்கிற பக்கத்துல வோல்டேஜ் எகிறிடும்.

மாட்டுறதுக்கு முன்னாடி...

* மல்டிமீட்டர் வெச்சு அளந்து பாருங்க. பேஸ் - நியூட்ரல், பேஸ் - எர்த் ரெண்டுமே 230-ஐ ஒட்டி இருக்கணும். நியூட்ரல் - எர்த் கிட்டத்தட்ட பூஜ்யம். 400 காட்டினா தொடவே தொடாதீங்க. டெஸ்டர் எரியுறதை மட்டும் நம்பாதீங்க, அது வோல்டேஜ் எவ்வளவுன்னு சொல்லாது.

* எர்த் கட்டாயம். டயர் ரப்பர்ங்கிறதால, ஒயர் கசிஞ்சா வண்டியோட இரும்பு பாடி முழுக்க கரன்ட் நிக்கும். ஈரத் தரையில நின்னு கதவைத் தொடுறவங்களுக்குத்தான் ஷாக். பாடியை எர்த்தோட இணைச்சு, 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி போடுங்க.

* 16 ஆம்ப் பிளக் தாங்குறது சுமார் 3,680 வாட். 1,600 வாட் ஏசி, 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஓடினாலே கிட்டத்தட்ட ஃபுல். கீசரையும் போட்டா எம்.சி.பி விழுந்துடும்.

* எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டியே வைக்காதீங்க. லோடு ஏறினா சூடாகி உருகும். முழுசாப் பிரிச்சுப் போடுங்க.

* மோட்டார் ரூம்ல இருந்து கரன்ட் எடுக்காதீங்க. விவசாய இலவச இணைப்பு பாசனத்துக்கு மட்டும்தான். நீங்க கிளம்பிடுவீங்க, சிக்கல் தோட்டக்காரருக்கு!

* அமெரிக்காவுல இருந்து வந்த 120 வோல்ட் சாதனம்னா ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மோட்டார் உள்ள சாதனத்துல 50-க்கு ஏத்ததான்னும் பாருங்க.

லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்கிட்ட ஒருமுறை முழு ஒயரிங்கையும் காட்டிடுங்க. அந்தச் செலவு, ஒரு ஏசி போர்டு எரிஞ்சா ஆகுற செலவைவிடக் கம்மிதான் மக்களே!